கடைமடையில் ஆறு மா சம்பா: பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சாகுபடியைத் திட்டமிடும் முறை

காவிரிப் பாசன வாய்க்கால்கள் வந்து முடியும் கடைமடையில், நாகப்பட்டினம் மாவட்டத்தின் கீழ்வேளூர், திருக்குவளை, தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளிலும், திருவாரூர் மாவட்டத்தின் கோட்டூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பகுதிகளிலும் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் அளவில் நிலம் வைத்துச் சம்பா செய்யும் ஒருவரை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். வேலிக்கணக்கில், அதாவது ஏக்கர் ஏக்கராக, நிலமும் சொந்த அறுவடை இயந்திரமும் உள்ளவர்களுக்கு ஓர் ஆண்டு தவறினாலும் அடுத்த ஆண்டு தாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஆறு மாக்காரருக்கு ஒரு சம்பா போனால் நகை அடகுக்குப் போகிறது. அடுத்த சாகுபடிக்கு விதை வாங்கவும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அளவுகோல், கூடுதல் விளைச்சல் என்பதைவிட, மோசமான ஆண்டிலும் வீட்டுக்கு நெல் வந்து சேருமா என்பதே.

முதலில், எது மாறியிருக்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படும், ஜனவரி 28 அன்று மூடப்படும் என்ற மரபின் மேல்தான் நம் அப்பாக்களின் சாகுபடிக் கணக்கு நின்றது. அந்த அணை 2012-இல் செப்டம்பர் 17 அன்றும், 2016-இல் செப்டம்பர் 20 அன்றும், 2017-இல் அக்டோபர் 2 அன்றும், 2024-இல் ஜூலை 28 அன்றும் திறக்கப்பட்டது. 2022-இல் மாறாக மே 24 அன்றே திறக்கப்பட்டது. மழையும் அப்படித்தான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. பொங்கலுக்கு முன் மழை ஓய்ந்துவிடும் என்று நம்பியிருந்த நிலையில், 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் முற்றிய கதிர்களின் மேல் மழை பெய்தது. மொத்த மழை கூடியதா குறைந்ததா என்பது நமக்கு இரண்டாவது கேள்வி. தண்ணீர் வர வேண்டிய நாளில் வராமலும், வடிய வேண்டிய நாளில் வந்துகொண்டும் இருக்கிறது என்பதே நம் வயலின் நிலை.

பெரும்பாலோர் இன்னமும் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளை முதல் நாளாக வைத்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். அந்த நாள் இனி நம் கையில் இல்லை. பயிர் பூக்கும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் கண்டுபிடிப்பதே இன்று செய்ய வேண்டிய முதல் வேலை.

நாட்கணக்கு

நெற்பூ காலை ஒன்பது, பத்து மணி முதல் நண்பகல் வரையில் விரியும். ஒவ்வொரு பூவும் சிறிது நேரமே திறந்திருந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் தொடர்ந்து மழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டுக் கதிர் பதராகும். கதிர் முழுவதும் பூத்து முடிய ஒரு வாரம், வயல் முழுவதும் பூத்து முடிய இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். பூத்த நாளிலிருந்து ஏறத்தாழ 30 நாட்களில் அறுவடை. எந்த ரகமாக இருந்தாலும் இந்த 30 நாள் பெரிதாக மாறுவதில்லை. ரகத்துக்கு ரகம் மாறுவது அதற்கு முந்தைய நாட்கள்தாம்.

கடைமடையில் கனமழைக்கு வாய்ப்பு மிகுந்த காலம் அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் முதல் பாதி வரை. ஆகவே பூக்கும் காலம் டிசம்பர் 20-க்கும் ஜனவரி 6-க்கும் இடையில் விழுமாறு பார்த்துக்கொண்டால், அறுவடை ஜனவரி 20-க்கும் பிப்ரவரி 5-க்கும் இடையில் வரும். இனிப் பின்னோக்கி எண்ணுங்கள். சி.ஆர். 1009 போன்ற 155 நாள் ரகமானால், விதைப்பு ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 3 வரை. ஆடுதுறை 38, ஆடுதுறை 46 போன்ற 135 நாள் ரகமானால், செப்டம்பர் 7 முதல் 23 வரை. நேரடி விதைப்பில் நடவு அதிர்ச்சி இல்லாததால் பயிர் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை முந்தி முதிரும்; அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மழை வலுக்கும் நாளில் பயிரின் வயது என்ன என்பதும் பூக்கும் நாளைப் போலவே முக்கியம். செப்டம்பர் 20-இல் நாற்று விட்டு அக்டோபர் 15-இல் நட்ட பயிர், வேர் பிடிப்பதற்குள் வெள்ளத்தைச் சந்திக்கும். ஆகஸ்ட் கடைசியில் நேரடியாக விதைத்த பயிருக்கு நவம்பர் தொடக்கத்தில் 65 நாள் வயது ஆகியிருக்கும்; உயரமும் தூரும் பிடித்து நிற்கும். என் அனுபவத்தில், கடைமடையின் தாழ்ந்த வயல்களுக்கு ஆகஸ்ட் இறுதி விதைப்பே மற்ற எல்லாவற்றையும்விட நம்பிக்கையானது.

ஆயினும் 2023 பிப்ரவரி மழை இந்தக் கணக்கையும் தாண்டி வந்தது என்பதை மறைக்கக் கூடாது. முழுப் பாதுகாப்பான தேதி என்று ஒன்று இல்லாததால்தான் ஆறு மாவையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம் என்கிறேன். தாழ்ந்த நான்கு மாவில் நீண்ட கால ரகத்தை ஆகஸ்ட் இறுதியிலும், மேட்டுப்பாங்கான இரண்டு மாவில் மத்திய கால ரகத்தைச் செப்டம்பர் 23-ஐ ஒட்டியும் விதைத்தால், இரண்டும் பூக்கும் நாட்களுக்கு இடையில் சில நாட்கள் விலகும். அறுவடை இயந்திரம் இரண்டு மாவுக்காகத் தனியே வராது என்ற சிக்கல் உண்டு. பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவரும் அதே ரகத்தை அதே வாரத்தில் விதைக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதுதான் இதற்குள்ள ஒரே வழி.

விதை

தாழ்ந்த வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 இன்று எளிதாகக் கிடைக்கும் நல்ல தேர்வு. இதில் உள்ள ‘சப் 1’ என்ற மரபணு, ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. சாதாரண நெல் மூழ்கியவுடன் தலையை வெளியே நீட்ட அவசரமாக வளரும். சேமித்த மாவுச்சத்தை அதற்கே செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழுந்து அழுகும். இந்த மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்தி அசையாமல் காத்திருந்து, வடிந்த பிறகு மீண்டும் துளிர்க்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் இதைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கை அதன் திறனைவிடப் பெரிதாகிவிட்டது. தூர் கட்டும் பருவத்தில் முழுதாக மூழ்குவதைத்தான் இது தாங்கும். முளைக்கும் விதை நீருக்கடியில் கிடந்தால் இதுவும் அழுகும். பூக்கும்போது மூழ்கினால் இதுவும் பதராகும். பாதி உயரத்துக்கு ஒரு மாதம் நீர் தேங்கி நின்றால் இதற்கும் தூர் குறையும். விதைதான் காப்பாற்றும் என்று நம்பி வடிகாலை மறந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

நாட்டு ரகங்களுக்கும் இங்கே உரிய இடம் உண்டு. மடுமுழுங்கி, சம்பா மோசனம் ஆகியவை நீர் தேங்கும் பள்ளங்களுக்கென்றே நம் முன்னோர் வைத்திருந்தவை. குழிவெடிச்சானும் குடவாழையும் வேதாரண்யத்தின் உவர் நிலத்துக்குப் பழகியவை. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவின் வழியே, இரண்டு கிலோ விதை பெற்றவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில், இந்த ரகங்கள் ஆயிரக்கணக்கான உழவர்களைச் சென்றடைந்தன. உயரமாக வளரும் இவை காற்றில் சாயக்கூடியவை என்பதால் யூரியாவை அள்ளிப் போடக் கூடாது. இயந்திர அறுவடையும் சற்றுச் சிரமம். கொள்முதல் நிலையத்தை மட்டும் நம்பியிருப்பவர் அரை ஏக்கரில் தொடங்கி, அரிசியாக வாங்குவோரைப் பிடித்த பிறகு விரிவாக்குவது நல்லது.

விதையை யாரிடமிருந்து வாங்கினாலும் சான்றட்டையைக் கிழித்து எறியாமல், ரசீதுடன் எடுத்துவையுங்கள். ஓர் ஆண்டு நான் ஒரு கடையில் வாங்கிய விதையில் வேறு ரகம் கலந்திருந்தது. கதிர் வெளிவந்தபோது வயலில் பாதி முன்னதாகவும் பாதி பின்னதாகவும் பூத்தது. மேலே எழுதிய நாட்கணக்கு முழுவதும் வீணானது. கேட்கப் போனபோது கையில் ரசீது இல்லை.

புழுதி விதைப்பு

ஆகஸ்ட் இறுதியில் விதைக்க வேண்டும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் கடைமடை வந்து சேருமா என்பது தெரியாது. இந்த நிலைக்குப் பொருந்துவது, காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் புழுதி விதைப்பு. சித்திரை, வைகாசியில் கிடைக்கும் கோடை மழையில் ஒரு முறை உழுது போட்டுவிட வேண்டும். ஆடியில் மறுபடி உழுது கட்டி உடைத்து, நிலத்தைப் புழுதியாக்கிச் சமப்படுத்த வேண்டும். சமப்படுத்துவதில் கஞ்சம் காட்டாதீர்கள்: ஒரே வயலில் நான்கு விரல் மேடு பள்ளம் இருந்தாலும், மேட்டில் களையும் பள்ளத்தில் அழுகலும் வரும்.

விதையைக் கடினப்படுத்தி விதைப்பது வறட்சியைத் தாங்க உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் பொட்டாசியம் குளோரைடு என்ற அளவில் கரைத்து, விதையின் எடைக்குச் சமமான கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் முளைப்பு கெடும். பிறகு கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் பாக்டீரியாத் தூள் கலந்து, ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ வரை விதைக்கலாம். விதைக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் வரிசையில் ஓர் அங்குல ஆழத்தில் விழும்படி விதையுங்கள். கையால் வீசிய விதையில் பாதி மேலே கிடந்து குருவிக்கும் எறும்புக்கும் போகிறது.

புழுதியில் கிடக்கும் விதைக்கு ஆபத்து முழு வறட்சியைவிட அரைகுறை மழையால்தான் அதிகம். ஒரு தூறலில் முளைத்து, அடுத்த பத்து நாள் வெயிலில் கருகிவிடும். எனவே விதைப்பதற்கு முன் வானிலைத் துறையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை தமிழில் வெளியாகிறது. மேக்தூத் செயலியிலும் படிக்கலாம். அப்படியும் ஏமாறும் ஆண்டு வரும் என்பதால், மொத்த விதையில் கால் பங்கைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். அதோடு பொதுவான மேட்டு நிலம் ஒன்றில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சமுதாய நாற்றங்கால் விட்டுவிட்டால், அழிந்த இடத்தை நிரப்பவும், வெள்ளத்துக்குப் பின் போக்கு நடவு செய்யவும் நாற்று கிடைக்கும். ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும்.

வடிகால்

இந்த வழிமுறையில் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், வடிகாலைச் செய்யுங்கள் என்பேன். கடைமடைக்காரர்களாகிய நாம் தலைமுறைகளாகத் தண்ணீர் கேட்டே போராடிப் பழகியவர்கள். பாசன வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதுகிறோம், ஆனால் அதே ஊரின் வடிகால் எங்கே தொடங்கி எந்த ஆற்றில் சேருகிறது என்று கேட்டால் இளைஞர்களில் பலருக்குத் தெரிவதில்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாற்று வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் பெரிய திட்டமே நடந்தது. பெரிய ஆற்றில் அரசு செய்வதைச் செய்யட்டும். நம் வயலிலிருந்து அந்த ஆறு வரையிலான கடைசி அரை கிலோமீட்டரில்தான் பயிர் அழுகுகிறது.

ஆடி மாதத்தில், தரை காய்ந்திருக்கும்போதே, வடிகாலை ஒரு முறை கால்நடையாக நடந்து பாருங்கள். உங்கள் வயலிலிருந்து நீர் வெளியேறும் வடிமடையில் தொடங்கி, தண்ணீர் போகும் திசையிலேயே நடந்து, நீர்வளத் துறை வடிகாலைத் தொடும் வரை நிற்காமல் செல்லுங்கள். வழியில் காண்பவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்: நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய இடம், ஆகாயத்தாமரை அடைத்த மதகு, யாரோ வண்டி போக மண் கொட்டி மூடிய பகுதி, சாலையின் அடியில் போட்ட குழாய். அந்தக் குழாயின் விட்டத்தைக் கட்டாயம் அளந்துவிடுங்கள். இருபுறமும் நான்கடி அகல வாய்க்கால் இருந்து, நடுவில் ஒன்றரையடிக் குழாய் இருந்தால், உங்கள் வடிகாலின் அகலம் ஒன்றரையடிதான். அந்த வரைபடத்துடன் ஊராட்சியிலும் வேளாண் பொறியியல் துறையிலும் மனுக் கொடுத்தால், பொத்தாம் பொதுவாகத் தூர்வாரக் கேட்பதைவிட விரைவில் பலன் கிடைக்கிறது. ஊருக்குள் இருக்கும் சிறு வாய்க்கால்களை அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கவும் அதே தாள் உதவும்.

வயலுக்குள் செய்ய வேண்டியது சிறியது. ஆனால் அதைச் செய்தவர்கள் குறைவு. வயலின் தாழ்ந்த ஓரத்தை ஒட்டி ஒன்றரையடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதை வடிமடையுடன் சேர்த்துவிடுங்கள். வடிமடையில் தென்னை மட்டையையும் களிமண்ணையும் வைத்து அடைக்கும் வழக்கத்தை விட்டு, ஆறங்குலக் குழாய் ஒன்றை மூடியுடன் பதித்துவிட்டால், இரவு இரண்டு மணிக்கு மழை வலுக்கும்போது மண்வெட்டியுடன் போராட வேண்டியதில்லை. மூடியைக் கழற்றினால் போதும். நான் இதைக் கற்றது ஒரு நவம்பர் இரவில். கொட்டும் மழையில் வடிமடையை வெட்டி விட்டேன். தண்ணீர் நேராகப் பக்கத்து வயலில் பாய்ந்து, அங்கே மூன்று நாள் தேங்கியது. அந்த வயல்காரர் என்னைவிட வயதில் மூத்தவர். அண்ணே என்று கூப்பிட்டுச் சமாதானம் சொல்லியும் அவர் முகம் திரும்பவே இல்லை, அதில் நியாயமும் இருந்தது. கடைமடையில் வயலுக்கு வயல் தண்ணீர் கடந்துதான் வடிகிறது. யார் முதலில் திறப்பது, யார் வயல் வழியாக, எந்த ஓரத்தில் போவது என்பதை மழைக்கு முன்பே வரப்பில் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு நாங்கள் இருவரும் சேர்ந்து பொது வரப்பை ஒட்டி ஒரே வாய்க்காலாக வெட்டினோம்; இரண்டு வயலுக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்திலும், கடல் ஓதம் (அலையேற்றம்) ஏறும் நேரத்திலும், ஆற்றில் வெள்ளம் வாங்காது, கதவணை மூடியிருக்கும். அப்போது வடிமடையைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். மூடிவைத்து, இயந்திரம் வைத்து இறைப்பதுதான் வழி. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு டீசல் இன்ஜினை வைத்துக்கொள்வது இந்த நாட்களுக்குத்தான்.

மூழ்கிய பிறகு

தண்ணீர் வடிந்த மறுநாளே யூரியாவுடன் வயலில் இறங்குவது பெரும் தவறு. இலையில் படிந்த சேறு நீங்கி, வெள்ளை வேர் புதிதாக வருகிறதா என்று ஓரிரு குத்துகளைப் பிடுங்கிப் பாருங்கள். உயிர் இருக்கிறது என்று தெரிந்த பின், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷுடன் சேர்த்து இடலாம். இது வேளாண் துறை நெடுநாளாகச் சொல்லிவரும் அளவு. பயிர் மஞ்சளாக வெளுத்திருந்தால், 2 கிலோ யூரியாவையும் 1 கிலோ சிங்க் சல்பேட்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்து ஓர் ஏக்கருக்குக் கைத்தெளிப்பானால் தெளிக்க வேண்டும். பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை மட்டும் கூட்டுகிறவர்களின் வயலில்தான் அடுத்த மாதம் பாக்டீரியா இலைக்கருகலும் புகையான் பூச்சியும் வருகின்றன. செத்துப்போன குத்துகளின் இடத்தில் பக்கத்துக் குத்திலிருந்து தூர்களைப் பிரித்து நடலாம். நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு இதைச் செய்வதால் பயன் குறைவு.

தண்ணீர் குறையும் ஆண்டு

முறைப்பாசனம் வைக்கும் ஆண்டில் வயலில் எப்போதும் நீர் நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. இதற்கு வயல்நீர்க் குழாய் உதவும். ஆறங்குல பி.வி.சி. குழாயில் 40 செ.மீ. நீளம் வெட்டி, கீழ்ப்பகுதி 25 செ.மீ. வரை சுற்றிலும் துளையிட்டு, துளையுள்ள பகுதி முழுவதும் மண்ணுக்குள் இருக்குமாறு புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளி எடுத்துவிட வேண்டும். வயல் மேலே காய்ந்து தெரியும்போது குழாய்க்குள் எட்டிப் பாருங்கள்: ஒரு சாண் ஆழத்துக்குள் நீர் மின்னிக்கொண்டிருக்கும். அந்த நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை பாய்ச்சத் தேவையில்லை. இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சி, மீண்டும் இறங்க விடலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி, பூத்து முடித்து ஒரு வாரம் வரை மட்டும் இந்த முறையை நிறுத்தி, நீரைக் கட்ட வேண்டும்.

கடலோர உவர் நிலத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. மண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்தால் கீழிருக்கும் உப்பு மேலேறி, வயலின் மேல் வெள்ளையாகப் பூக்கும். அங்கே மண் ஈரம் போகாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பாக இருந்தால், பரிசோதிக்காமல் பாய்ச்சக் கூடாது. முதல் மழை நீரை வயலில் கட்டிவைத்து, உப்பு கரைந்த பின் வடித்துவிடுவதை இரண்டு முறை செய்தால் நல்ல மாற்றம் தெரியும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் அந்த மண்ணுக்கு ஏற்றது. ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. உவர் நிலத்துக்கு வடிகாலும் நல்ல தண்ணீருமே மருந்து. எது களர், எது உவர் என்பதை மண் பரிசோதனை சொல்லும். அதற்கு முன் மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

அறுவடையும் உளுந்தும்

நெல் முக்கால் பங்குக்கு மேல் பழுத்துவிட்டால், அடிக்கதிரில் இருக்கும் சில பச்சை மணிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மழை வரும் என்ற முன்னறிவிப்பு இருக்கும்போது நான்கு நாள் முந்தி அறுப்பதால் போவது மூட்டையில் கொஞ்சம். நான்கு நாள் பிந்தினால் சாய்ந்த கதிரில் மணி முளைத்துவிடும். ஈரவயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்கு வாடகை கூடும், கிடைப்பதும் அரிது. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே நீரை முழுவதும் வடித்துவிட்டால் அந்தக் கூடுதல் செலவு மிச்சமாகும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் விதி. மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசு இதைத் தளர்த்தியது உண்டு என்றாலும், அனுமதி வரும் வரை திறந்த வெளியில் கிடக்கும் நெல் நம்முடையது. ஆகவே விதை வாங்கும்போதே தார்ப்பாயும் வாங்கி வையுங்கள். அடியிலும் ஒன்று விரிக்க வேண்டும் என்பதால் இரண்டாக வாங்க வேண்டும்.

சம்பா அறுவடைக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள் உளுந்தை வீசுவது நம் பழைய முறை. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் தை, மாசி மாதப் பனியிலும் அது விளைந்துவிடும். இயந்திரம் ஏறுவதால் முளைகள் நசுங்கும் என்பதற்காக ஏக்கருக்கு 12 கிலோ வரை விதையைக் கூட்டிப் போடலாம். ஆடுதுறை 3 இதற்கென்றே வந்த ரகம். பூக்கும்போது ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய் பிடிக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் உளுந்து வேண்டாம்.

காப்பீடு

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பதிவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அது நீட்டிக்கப்படும் என்று காத்திருக்காதீர்கள், கடைசி மூன்று நாளும் கணினி மையத்தில் இணையம் ஓடாது. அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் ஆகியவை வேண்டும். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து மாறியிருந்தால் இழப்பீடு திரும்பிப் போகும். ஒரு முன்னெழுத்து வேறுபாட்டால் எனக்கு வர வேண்டிய தொகை எட்டு மாதம் நின்றது. குத்தகைக்காரர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்றை அக்டோபரிலேயே பெற்றுவிட வேண்டும்.

விளைச்சல் இழப்பு தனித்தனி வயலுக்கு அளக்கப்படுவதில்லை என்பதைப் புரிந்துகொண்டு இதில் சேர வேண்டும். கிராமத்தில் சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, அதன் சராசரியை வைத்தே முடிவு செய்கிறார்கள். மேட்டு வயல்கள் மிகுந்த ஊரில் உங்கள் பள்ள வயல் மட்டும் போனால் கிடைப்பது சொற்பமாகவே இருக்கும். பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டு, அங்கே போய் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு, போய் நில்லுங்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் மழையில் நனைந்தால் 14 நாள் வரை தனியே பாதுகாப்பு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தால் அறுக்கும் நமக்கு அந்தப் பிரிவு பெரும்பாலும் பயன்படுவதில்லை. மாநில அரசின் நிவாரணம் இதிலிருந்து வேறானது: 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுப்பில் பதிவாக வேண்டும். 2023 பிப்ரவரி மழைக்குப் பின் ஹெக்டேருக்கு ₹20,000 அறிவிக்கப்பட்டது அந்த வழியில்தான். கணக்கெடுப்புக்கு ஆள் வரும் நாளில் வீட்டில் யாராவது வயலில் இருக்க வேண்டும்.

குறிப்பேடு

இத்தனை நாட்கணக்கும் உங்கள் வயலுக்குச் சரியாக வருமா என்று பார்க்க, ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். நேர்ச்சுவருள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளவுகோலை இறக்கிப் பார்த்தால், அன்றைய மழை மில்லிமீட்டரில் தெரியும். அதை எழுதுங்கள். விதைத்த நாள், முளைத்த நாள், வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த நாள், வயல் மூழ்கிய நாள், வடிமடை திறந்து எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரப்புக்குக் கீழே இறங்கியது, முதல் பூ, அறுவடை, ஈரப்பதம், மூட்டைக் கணக்கு ஆகியவற்றையும் எழுதுங்கள். மூன்று சம்பா முடிந்ததும், உங்கள் பள்ள வயலில் 155 நாள் ரகம் உண்மையில் எத்தனை நாளில் பூத்தது என்ற எண் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்; நான்காம் ஆண்டு ஆகஸ்டில் மேலே கொடுத்த தேதிகளை அடித்துவிட்டு, அந்த எண்ணிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.